நககோவில் கை வைக்காதீர்கள்: முதல் வாள் வாங்கியவருக்கு

கேள்வி: நகோயாவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பழம்பொருள் சந்தையில், வெள்ளை மர உறையில் இருந்த வாகிசாஷி (ஜப்பானியக் குட்டை வாள்) ஒன்றை வாங்கினேன். பதிவு அட்டையும் தந்தார்கள். நீளம் 53 செ.மீ. என்று அதில் இருக்கிறது. பிடியைக் கழற்றினால் அடித்தண்டில் 'பிஷூ ஒசாஃபுனே சுகேசாதா' என்று ஆறு எழுத்து. துருவில் பாதி சரியாகத் தெரியவில்லை. அலகு மங்கி, மஞ்சள் கறை படிந்திருக்கிறது. கூர்ப்பக்கம் ஓரிடத்தில் முடி போல ஒரு கோடு தெரிகிறது. இது அசல்தானா? துருவை எடுத்துவிட்டு எழுத்தைப் படிக்கலாமா? தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ போடலாமா? பிறகு சென்னைக்குக் கொண்டுபோக முடியுமா?

பதில்: துருவை எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டை ஜப்பானியர்கள் நககோ என்பார்கள். வாளின் வயதைச் சொல்லும் முதல் சாட்சி அங்கே படிந்திருக்கும் துருதான். நூற்றாண்டுக் கணக்கில் மெல்லப் படிந்த துரு கரும்பழுப்பாக, வழவழப்பாக, தண்டோடு ஒட்டிக் கிடக்கும். இந்த நிறத்தைச் செயற்கையாகக் கொண்டுவருவது கடினம். போலிக் கையெழுத்து வெட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்: வெட்டின பள்ளத்துக்குள் இருக்கும் துருவும் வெளியே இருக்கும் துருவும் ஒன்றாக இருக்காது. உப்புத்தாள், கம்பி பிரஷ், எலுமிச்சை, துரு நீக்கும் திரவம் எதைப் போட்டாலும் அந்தச் சாட்சி போய்விடும். அரத்தால் இழுத்த பழைய கோடுகளும் கூடவே மழுங்கும். அந்தக் கோடுகளின் சாய்வு எந்தப் பட்டறை என்று காட்டுகிற அடையாளம். நல்ல வாளின் விலை ஒரே மதியத்தில் சரிய வேண்டுமானால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. புதிதாகப் பிடித்த செந்துரு பொடியாக உதிர்ந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், அதோடு விடுங்கள்.

எழுத்தைப் படிக்கத் துருவை எடுக்க வேண்டியதே இல்லை. அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைத் தண்டுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட அதன் மட்டத்திலேயே பிடியுங்கள். ஒவ்வொரு வெட்டும் நிழல் போட்டுக் காட்டும். விளக்கை நான்கு பக்கமும் நகர்த்தி நான்கு படம் எடுங்கள். இன்னும் தெளிவு வேண்டுமென்றால், மெல்லிய தாளைத் தண்டின் மேல் அசையாமல் பிடித்து, செக்காபோகு என்ற கட்டி மையால் மேலாகத் தேய்த்துப் படி எடுப்பார்கள். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்பீர்களே, அதே வித்தைதான்.

இனி, அது அசலா என்ற கேள்வி. இது ஒரு கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. மரபு முறையில் அடித்த வாளா? கையெழுத்து உண்மையா? அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

முதலாவதுக்குப் பதிவு அட்டை ஓரளவு பதில் சொல்கிறது. இந்த அட்டையை மாகாணக் கல்வி வாரியம் கொடுக்கிறது. மரபு முறையில் செய்த கலைப்பொருள் என்று ஏற்றுக்கொண்ட வாளைத்தான் பதிவார்கள். இரண்டாம் உலகப் போருக்காகத் தொழிற்சாலையில் எண்ணெயில் தோய்த்துச் செய்த ஷோவாதோ வகைக்கு அங்கே இடமில்லை. ஆனால் அட்டையில் சுகேசாதா என்று எழுதியிருப்பது, தண்டில் அப்படி வெட்டியிருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. அந்தக் கையெழுத்து உண்மையா என்று அட்டை சொல்லாது. சந்தையில் அட்டையைக் காட்டி 'அரசாங்கமே சான்று கொடுத்திருக்கிறது' என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு.

அட்டையையும் வாளையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். நீளம் என்பது முதுகுப் பக்கத்தில் அலகு தொடங்கும் படியிலிருந்து முனை வரை இழுத்த நேர்கோடு. வளைவோடு சேர்த்து அளக்கக்கூடாது. வளைவு என்பது அந்த நேர்கோட்டுக்கும் முதுகுக்கும் நடுவே இருக்கிற அதிகபட்ச இடைவெளி. தண்டில் எத்தனை துளை, எந்த எழுத்து என்பதும் அட்டையில் இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. துளையின் எண்ணிக்கையோ எழுத்தோ மாறினால் அது வேறொரு வாளின் அட்டையாக இருக்கலாம். உடனே கல்வி வாரியத்திடம் கேளுங்கள். எல்லாம் பொருந்தினாலும் உங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. வாள் கைமாறிய 20 நாளுக்குள் உரிமை மாற்ற அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதை அட்டையைக் கொடுத்த மாகாணத்துக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாகாணத்துக்கு அல்ல. அட்டை ஒக்காயாமாவில் கொடுத்ததென்றால் கடிதமும் ஒக்காயாமாவுக்கே. போன வாரம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து சுகேசாதா. இன்றைய ஒக்காயாமா மாகாணத்தில் இருக்கிற ஒசாஃபுனே, பழைய பிசென் (சுருக்கமாக பிஷூ) நாட்டின் பெரிய கொல்லர் ஊர். 15, 16-ஆம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில் அங்கே இந்தப் பெயரில் பலர் வாள் அடித்தார்கள். கேட்டவருக்குக் கேட்டபடி அடித்தவை ஒரு வகை. படைக்கு மொத்தமாக அடித்துக் குவித்தவை இன்னொரு வகை. அதைக் காசுவுச்சிமோனோ என்பார்கள். இரண்டையும் பிரிக்கப் பட்டறைக்காரர்கள் முதலில் பார்ப்பது கையெழுத்தின் நீளத்தை. 'பிசென் நாட்டு ஒசாஃபுனேவில் வாழும் யோசோசாயெமொன்நோஜோ சுகேசாதா' என்று ஊரும் சொந்தப் பெயருமாக நீளமாக வெட்டியிருந்தால் அது பொதுவாகச் சொல்லி அடித்த வாள். உங்களுடையதைப் போல 'பிஷூ ஒசாஃபுனே சுகேசாதா' என்று சுருக்கமாக இருந்தால் மொத்த உற்பத்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தண்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆண்டும், '2-ஆம் மாதம்' அல்லது '8-ஆம் மாதம்' என்ற எழுத்தும் இருக்கலாம். பிசென் வாள்களில் இந்த இரண்டு மாதங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

மொத்த உற்பத்தி என்றதும் மனம் தளர வேண்டாம். ஏமாற்றுகிறவன் விலை ஏறும் பெயரைத்தான் வெட்டுவான். கோதெட்சு, மாசாமுனே என்று எழுத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். சுருக்கமான சுகேசாதாவில் போலி செய்து கிடைக்கும் லாபம் குறைவு. போலியே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் முதல் வாளாக வாங்குவதற்கு இது மோசமான தேர்வு இல்லை.

இப்போது அந்த முடி போன்ற கோட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கவலையெல்லாம் இதன் மேல்தான். கூரிலிருந்து செங்குத்தாக உள்ளே ஏறும் விரிசலை ஹகீரே என்பார்கள். கடினமான கூர்ப்பகுதி, பழுக்கக் காய்ச்சித் தோய்க்கும்போதோ எதிலாவது மோதியோ வளைந்தோ வெடித்தது அது. சாணை பிடித்தால் போகாது. வாளின் விலையில் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஆனால் கூரில் தெரிகிற கோடெல்லாம் ஹகீரே ஆகிவிடாது. சோதிக்கிற விதம் இது. எண்ணெயை முழுதும் துடைத்துவிட்டு, ஒற்றை விளக்கின் கீழே 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வாளை மெல்லத் திருப்பும்போது கோடு ஒரு கோணத்தில் மின்னி இன்னொரு கோணத்தில் மறைந்தால் அது கீறல். எந்தக் கோணத்திலும் கறுப்பாகவே நின்று, கூரைச் சுற்றி மறுபக்கத்திலும் அதே இடத்தில் தொடர்ந்தால் விரிசல். துடைத்த சற்று நேரத்தில் அந்தக் கோட்டில் மட்டும் எண்ணெய் மெல்லக் கசிந்து வந்தாலும் விரிசல்தான். அலகின் நீளவாக்கில் ஓடும் கோடு வேறு சங்கதி. இரும்பை மடித்து அடிக்கும்போது சரியாக ஒட்டாத இடம் அது. அதை வாரே என்பார்கள். கண்ணுக்கு அழகில்லை, ஆனால் பழைய வாள்களில் சகஜம்.

லென்ஸ் கையில் இருக்கும்போதே இன்னும் மூன்று இடம் பாருங்கள். கூர்ப்பக்கத்தில், தண்டும் அலகும் சேரும் படி எவ்வளவு ஆழம்? ஒவ்வொரு முறை சாணை ஏறும்போதும் அந்தப் படி தேய்கிறது. கிட்டத்தட்ட தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் வாள் களைத்துவிட்டது என்பார்கள். அலகின் பரப்பில், நெளிநெளியான இழை எதுவும் இல்லாமல் மொழுமொழுவென்று கறுத்த திட்டு தெரிகிறதா? அது மேல்தோல் தேய்ந்து உள்ளிருக்கும் மென்னிரும்பு வெளியே வந்த இடம். அந்தப் படியிலிருந்து சாய்வாகச் சாம்பல் நிற நிழல் ஒன்று மேலே ஏறுகிறதா? தீ விபத்தில் கடினம் இழந்த வாளை மறுபடி தோய்த்ததற்கு அது அடையாளமாக இருக்கலாம். (ஹொரிகாவா குனிஹிரோ என்ற கொல்லரின் வாள்களில் இது இயல்பாகவே வரும். ஒரு குறியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.)

புதியவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் ஹமோன், அதாவது தோய்த்தலில் கூரோரமாக உருவாகும் கோலம். சாணைக்காரர் கடைசிக் கட்டத்தில் கூரோரத்தை மெல்லிய கல்லால் வெண்மையாக்கிக் காட்டுவார், அது ஹதோரி. தூரத்திலிருந்து பார்த்ததும் கண்ணில் படுகிற வெள்ளை மேகம் அதுதான். உண்மையான கோலம் அதற்குள் ஒளிந்திருக்கும். டியூப் லைட்டில் அது தெரியாது. தெளிவான ஒற்றைப் பல்பு வேண்டும். முனையைப் பல்புக்குச் சற்றுக் கீழே நீட்டி, ஒளி அலகில் வழுக்கிக் கண்ணுக்கு வரும் கோணத்தைத் தேடுங்கள். கோணம் அமைந்ததும் வெள்ளை மேகம் மங்கி, அதன் ஓரத்தில் பனிமூட்டம் போன்ற ஒளிக்கோடு ஒன்று எழும்பும். அது நியோய். தனித்தனிப் பொட்டாக மினுங்கினால் நியே. போர்க்கால பிசென் வாளில் அலைகள் அடியில் அகன்று, மேலே பிளந்து நண்டுக் கொடுக்குப் போல நிற்பதுண்டு. உங்கள் வாளில் மங்கலையும் மீறி அப்படி ஓர் இடமாவது தெரிந்தால், தண்டில் உள்ள பெயருக்கு அது நல்ல துணைச் சாட்சி.

பராமரிப்புக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தாவர எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டு, பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் மணமோ வேறு சேர்க்கையோ இல்லாத மெல்லிய கனிம எண்ணெயாக இருந்தால் ஒரு வாரம் தாங்கும். அதற்குள் வாள் எண்ணெய் வாங்கிவிடுங்கள். சோஜி எண்ணெய் என்று கடையில் கேளுங்கள். பெயர்தான் கிராம்பு எண்ணெய், இன்றைக்கு விற்பதில் பெரும்பாலும் கனிம எண்ணெயில் கிராம்பு மணம் சேர்த்ததுதான் இருக்கும். மருந்துக் கடையில் நீரற்ற எத்தனால் ஒரு புட்டி, மணமும் லோஷனும் இல்லாத மெல்லிய டிஷ்யூ, பிடியின் ஆணியைத் தட்ட பித்தளையில் செய்த சின்ன மெகுகிச் சுத்தியல் இவ்வளவும் போதும்.

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். தரையில் தடித்த துண்டு விரித்து உட்காருங்கள். உறையிலிருந்து எடுக்கும்போது கூர் மேலே பார்க்க, வாளின் முதுகு உறையில் சறுக்கி வரட்டும்; கூர் மரத்தில் உரசக்கூடாது. பக்கவாட்டில் ஆட்டாமல் ஒரே சீராக இழுங்கள். மெகுகி என்பது பிடியையும் தண்டையும் சேர்த்துக் கட்டும் மூங்கில் ஆணி. ஒரு பக்கம் சன்னமாக இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து தட்டி வெளியே தள்ளுங்கள். பிறகு இடது கையால் பிடியின் அடியைப் பற்றி, வாளைச் சற்றுப் பின்சாய்வாக நிமிர்த்தி, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் தட்டினால் தண்டு மெல்ல மேலெழும். வாகிசாஷி இலேசானது. ஓங்கித் தட்டினால் பிடியை விட்டு எகிறிக் குதிக்கும். முதல் தட்டு மிக மெதுவாக இருக்கட்டும். தண்டு கிளம்பியதும் வெளியே எடுத்து, அலகின் அடியில் இருக்கிற உலோக வளையமான ஹபாகியைத் தண்டுப் பக்கமாகக் கழற்றுங்கள்.

டிஷ்யூவில் எத்தனால் நனைத்து, முதுகின் மேல் மடித்து இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து, அடியிலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். திரும்பத் தேய்க்காதீர்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் புதுத் தாள். பழைய தாளில் ஒட்டின துருத்துகள்தான் அடுத்த இழுப்பில் கோடு போடும். முனையருகே வேகத்தைக் குறையுங்கள், விரல் அறுபடுவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டு மூன்று முறையில் தாள் வெள்ளையாக வந்துவிடும். மஞ்சள் கறை முழுதும் போகாது. வருடக்கணக்கில் காய்ந்த எண்ணெய் அது, ஒவ்வொரு சுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். எத்தனால் மர உறையிலும் பிடியிலும் படக்கூடாது. பக்கத்தில் ஹீட்டரோ அடுப்போ எரியக்கூடாது. வாளின் மேல் குனிந்து பேசாதீர்கள், எச்சில் துளியும் விரல் ரேகையும் சில நாளில் துருப்பொட்டாகும்.

எத்தனால் உலர்ந்ததும் புதுத் தாளில் 2 அல்லது 3 சொட்டு எண்ணெய் விட்டு, அதே திசையில் மெல்லிய படலமாகப் பூசுங்கள். சொட்டு உருண்டு நின்றால் அதிகம். மிச்சம் உறை மரத்தில் ஊறி, தூசியைப் பிடித்து வைக்கும். தண்டுக்குத் தனியாக எண்ணெய் வேண்டாம், விரலில் ஒட்டியிருப்பதே போதும்.

சினிமாவில் பார்க்கும் வெள்ளைப் பொடிப் பந்து, உச்சிகோ, உங்களுக்கு இப்போது தேவையில்லை. அது சாணைக்கல்லின் பொடி. பழைய எண்ணெயை உறிஞ்ச வைத்த மரபுக் கருவிதான், ஆனாலும் தேய்க்கும் பொருள் தேய்க்கும் பொருளே. மலிவான பந்தில் ஒரு பருத்த துகள் இருந்தாலும் அலகு முழுக்கக் கோடு விழும். பழகிய கைகள் அதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புதியவருக்கு எத்தனால்தான் பத்திரம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள், மற்ற நாளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் துரு வந்தால் குற்றவாளி உறைக்குள் இருக்கிறான். வெள்ளை மர உறை ஹோ மரத்தில் செய்து சோற்றுப் பசையால் ஒட்டியது. பிளந்து உள்ளே சுத்தம் செய்து மறுபடி ஒட்டத்தான் அந்தப் பலவீனமான பசை. உறை செய்கிறவரிடம் கொடுங்கள். நீங்களே கத்தியை விட்டுப் பிளக்க வேண்டாம். வாளைக் கிடைமட்டமாக வையுங்கள். சமையலறை, ஏசி காற்று நேரே படும் இடம், சிலிகா ஜெல் நிறைந்த மூடிய பெட்டி மூன்றும் வேண்டாம். அதிகம் உலர்ந்தால் உறை வெடிக்கும்.

சாணை பிடிக்க அவசரப்படாதீர்கள். சாணை என்பது இரும்பை எடுப்பது. எடுத்தது திரும்ப வராது, செலவும் சின்னதல்ல. 'சுன்' கணக்கில், அதாவது 3.03 செ.மீ.க்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். உங்கள் வாள் 17 சுன்னுக்கு மேலே, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். முதலில் அந்தக் கோடு விரிசல் இல்லை என்று உறுதியாகட்டும். பிறகு பயிற்சி பெற்ற சாணைக்காரரிடம் சில சென்டிமீட்டர் மட்டும் சாணை பிடித்து, சன்னல் திறந்தாற்போல் காட்டச் சொல்லுங்கள். கீழே நல்ல இரும்பு இருந்தால் முழுச் சாணை, அதன் பிறகு ஜப்பான் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு. 1948-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் 'ஹோசோன்' சான்றுத் தாள் கிடைத்தால் கையெழுத்துக் கேள்வி நடைமுறையில் முடிந்தது. மங்கலான நிலையிலேயே அனுப்பினால் முடிவு சொல்லாமல் திருப்பி அனுப்பக்கூடும். விரிசல் என்று தெரிந்தாலோ, சாணைக்கும் தாளுக்கும் ஒரு யென்கூடச் செலவழிக்காமல் எண்ணெய் மட்டும் போட்டு, கையாளப் பழகும் வாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சும் பணத்தைக் கண்ணுக்குச் செலவழியுங்கள் என்பேன். நீங்கள் இருப்பது நகோயாவில். தொக்குகாவா கலை அருங்காட்சியகமும், 2021-இல் திறந்த அட்சுதா ஆலயத்தின் குசனாகி வாள் கூடமும் அங்கேயே இருக்கின்றன. நல்ல சாணையில் இருக்கும் பிசென் வாள் ஒன்றின் முன்னால் முழங்கால் மடித்து, கண்ணை ஏற்றி இறக்கி அரை மணி நேரம் நின்றால், உங்கள் மங்கலான அலகில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சென்னைக்குக் கொண்டுபோவது முடியாத காரியமல்ல, ஆனால் பெட்டியில் வைத்து எடுத்துப்போக முடியாது. ஜப்பானை விட்டு வெளியே போக கலாசார முகமையின் ஏற்றுமதிச் சான்று வேண்டும். அதோடு பதிவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அட்டை போனபின் அதே வாளைத் திரும்ப ஜப்பானுக்குக் கொண்டுவந்தால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், ஆகவே ஊரோடு போய்விடுவது உறுதியானால் மட்டும் விண்ணப்பியுங்கள். இந்தியப் பக்கம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. சுங்கத்துறையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகுதான் ஜப்பானில் விண்ணப்பத்தையே தொடங்குங்கள். போய்ச் சேர்ந்தால், கடற்காற்றுள்ள ஊரில் மூன்று மாதக் கணக்கெல்லாம் செல்லாது. வருடம் முழுக்க மாதம் ஒருமுறை எண்ணெய்.